வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதுமா?

மலேசியாவின் ஆயர் தாவார் பக்கம் இன்று ரோட்டின் இரு கரையிலும் செம்பனைதான். அறுபது தாண்டிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், அதே மண்ணில் பால்மரம் மறுபடி எழுந்துவிடும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, மரத்துக்கு மரம் பால் ஏந்தும் மங்கு, வெயில் ஏறிய பிறகு வாளியோடு பால் எடுக்கும் நடை, கடைசியில் ஸ்டோர் வாசலில் நிறுவை. தோட்டத்துக் கதைகள் பெரும்பாலும் அந்த நிறுவையோடு முடிந்துவிடும். பால் ஸ்டோருக்குள் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய கதை.

உள்ளே பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றித் தொட்டியில் உறையவிடுவார்கள். உறைந்த கட்டி ரோலர்களுக்குள் போய் மெலிந்து, கடைசி ரோலரில் வரி பதிந்து வெளியே வரும். பிறகு புகைக்கூண்டில் சில நாள் தொங்கும். வெள்ளையாக உள்ளே போன ஷீட் தேன் நிறத்தில் திரும்பும். அப்போது ஒருவர் அதை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். குமிழி இருக்கிறதா, தூசி தெரிகிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, புகை சீராக ஏறியிருக்கிறதா? பார்த்துவிட்டு ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று ஐந்து வரை பிரித்துப் போடுவார். கைதேர்ந்த கண் அது. உலக ரப்பர் வணிகமே நெடுங்காலம் அந்தக் கண்ணை நம்பி ஓடியது. எந்தத் தரம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்ல ஒரு பன்னாட்டுக் கையேடு இருந்தது. வணிகர்கள் அதைப் பச்சைப் புத்தகம் என்பார்கள்.

அந்தக் கண் தவறிப்போனது என்று யாரும் குறை சொல்லவில்லை. டயர் ஆலைக்காரர் கேட்ட கேள்விதான் வேறாக இருந்தது. ஷீட்டின் அழகு அவருக்கு எதற்கு? இதில் அழுக்கு நூற்றுக்கு எவ்வளவு, சூடேறினால் ரப்பர் எவ்வளவு தளரும், போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்கியதும் ஒன்றுபோல நடந்துகொள்ளுமா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போட்டிக்கு வந்த செயற்கை ரப்பர், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எண்ணில் பதில் எழுதிய தாளோடு வந்தது. இயற்கை ரப்பரிடம் அப்படி ஒரு தாள் இல்லை.

மலேசியா 1965-இல் அந்தத் தாளைக் கொண்டுவந்தது. எஸ்.எம்.ஆர். எனப்படும் தர மலேசிய ரப்பர் திட்டம் அது. ரப்பரைக் கரைத்து 44 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, தங்கும் அழுக்கை எடை போட்டார்கள். சாம்பல், நைட்ரஜன், ஆவியாகும் பொருள் எல்லாம் தனித்தனியே அளக்கப்பட்டன. மாதிரியை 140 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, சூட்டுக்கு முன்னும் பின்னும் நெகிழ்வை அளந்து விகிதம் கண்டார்கள். எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 20 என்ற பெயர்களில் உள்ள எண்ணே அழுக்கின் வரம்பிலிருந்து வந்ததுதான். மூன்று கட்டி சேர்ந்தால் 100 கிலோ என்ற கணக்கில் அழுத்திய ரப்பர், சான்றோடு கப்பல் ஏறியது. தொலைதூர ஆலைக்காரர் கட்டியைப் பிரித்துப் பார்க்காமலே விலை பேசலாம்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் கண்ணிலிருந்து அளவுக்குப் போகும் இதே படியைத் தாண்டப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் தாண்டாத அலுவலகங்கள் நிறைய. "பார்த்தேன், சரியாத்தான் இருக்கு" என்பது எங்கள் தொழிலில் இன்றும் ஒரு தரச்சான்றாகப் புழங்குகிறது.

நிரல் என்பது மனிதர் படிக்கும்படி எழுதிய உரை. அதை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் வேலைக்கு பில்டு என்று பெயர். ஆக, நாம் திரையில் பார்ப்பது ஒன்று, இயந்திரம் ஓட்டுவது இன்னொன்று. இரண்டும் பொருந்தியிருக்கின்றன என்பதற்கு என்ன சாட்சி? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970களில் இந்தக் கேள்வி ஒரு காலைப்பொழுதை விழுங்கியது. ஸ்டீவ் ஜான்சன் என்ற பெயர்பெற்ற நிரலாளர் ஒரு பிழையைத் தேடிக் காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். உரையில் பிழையே இல்லை. முன்பே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி பில்டு செய்ய விட்டுப்போனதால் இயந்திரம் பழைய வடிவத்தையே ஓட்டிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு அவர் போய் நின்றது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரின் அறை வாசலில். ஃபெல்ட்மனும் முந்தின நாள் மாலை அதே மாதிரி நேரத்தைத் தொலைத்திருந்தார். அந்த வார இறுதியில் அவர் எழுதத் தொடங்கியதுதான் மேக் என்ற கருவி. 1976-இல் வந்தது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிவைத்தால் போதும். எது மாறியிருக்கிறது என்று மேக் தானே நேரமுத்திரையைப் பார்த்து, வேண்டியதை மட்டும் மறுபடி கட்டும்.

அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் இன்றுவரை திட்டும் ஒரு விஷயமும் உண்டு. மேக் கோப்பில் சில வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி அடித்தால் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், ஓடாது. சில வாரங்களிலேயே இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்குக் காட்டிய இரக்கத்தின் விலையை அரை நூற்றாண்டாக உலகம் கட்டிக்கொண்டிருக்கிறது.

இனி பதிப்புக் கட்டுப்பாடு. ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை இருக்கும் கணினியைத் திறந்து பாருங்கள். 'அறிக்கை-இறுதி', 'அறிக்கை-இறுதி-புதுசு', 'அறிக்கை-இறுதி-தலைவர்-பார்த்தது' என்று வரிசையாகக் கிடக்கும். எது அச்சுக்குப் போனது என்று செயலாளருக்கு மட்டும் தெரியும், அவரும் போன வருடம் மாறிவிட்டார். பெயர் என்பது ஒட்டிய சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

இந்தச் சிக்கலை முதலில் கருவியாக மாற்றியவர் மார்க் ரோச்கைண்ட், 1972-இல், அதே பெல் ஆய்வகத்தில். அதன் பின் 1980களில் வால்ட்டர் டிச்சி எழுதிய ஆர்.சி.எஸ்., பிறகு சி.வி.எஸ்., 2000-இல் தொடங்கிய சப்வெர்ஷன் என்று ஒரு பரம்பரை. அவற்றை வேகமாகக் கடந்து 2005 ஏப்ரலுக்கு வருவோம். லினக்ஸ் இயங்குதளத்தை எழுதும் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் போய்விட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். அதுதான் கிட். எழுதத் தொடங்கிய சில நாட்களிலேயே கிட்டின் சொந்த நிரல் கிட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட்டது. அந்த ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.12 கிட்டைக் கொண்டு நிர்வகிக்கப்பட்டது.

கிட் ஒரு கோப்பைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. உள்ளடக்கத்தின் பைட்டுகளை ஷா-1 என்ற கணக்கில் போட்டு, 40 குறிகள் கொண்ட ஒரு கைரேகையை எடுக்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை அடியோடு மாறும். ஒரு கமிட் என்பது அந்தக் கணத்தில் இருந்த எல்லாக் கோப்புகளின் மொத்தக் கைரேகை, அதற்கு முந்தைய கமிட்டின் கைரேகை, மாற்றியவர் பெயர், நேரம், ஒரு குறிப்பு ஆகியவற்றின் தொகுப்பு. அந்தத் தொகுப்புக்கும் ஒரு கைரேகை உண்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய கமிட்டில் யாராவது இரகசியமாகக் கைவைத்தால், அதற்குப் பின் வந்த அத்தனை கமிட்டின் கைரேகையும் மாறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். பழைய கணக்கை யாருக்கும் தெரியாமல் அழித்து எழுத முடியாத பேரேடு இது. 2017-இல் ஆம்ஸ்டர்டாம் சி.டபிள்யூ.ஐ. நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, வெவ்வேறான இரண்டு பி.டி.எஃப். கோப்புகளுக்கு ஒரே ஷா-1 கைரேகை வரவழைத்துக் காட்டினார்கள். ஆகவே கிட்டும் இன்னும் வலுவான ஷா-256 பக்கம் மெல்ல நகர்கிறது.

இவ்வளவும் ஆங்கில நூல்களில் கிடைக்கும். தமிழில் எழுதுகிறவருக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அந்த நூல்கள் தொடுவதில்லை.

ஒரு கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்து கிட்டிடம் கொடுங்கள். நிலவரம் கேட்டால் பெயருக்குப் பதிலாகச் சாய்கோடும் எண்ணுமாக ஒரு நீண்ட சரத்தைக் கக்கும். 'க' என்பது 340 256 225 என்று வரும். கிட் ஆங்கிலம் அல்லாத பைட்டுகளை எட்டின் அடிமான எண்களாகக் காட்டும் பழக்கம் உடையது. கோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகத் தெரியும். இது முதலிலேயே அணைந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஆனாலும் அந்த எண்களை ஒரு தடவை உற்றுப் பார்ப்பது நல்லது. இயந்திரத்துக்குத் தெரியும் தமிழ் அதுதான்.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். இன்று கணினிகளின் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடுவது ஒன்று. கிடைப்பது 340 256 225 340 257 212, ஆறு பைட். ககரத்துக்குப் பின் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகப் போடுவது மற்றொன்று. அப்போது 340 256 225 340 257 206 340 256 276, ஒன்பது பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான். எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவமாக வரைந்துவிடுகிறது. ஆனால் கைரேகை வேறு. ஒருவர் எழுதிய 'கொய்யா'வை இன்னொருவர் கணினி வேறு பைட்டில் சேமித்துவிட்டால், மாற்றத்தைக் காட்டும் டிஃப் இப்படி வந்து நிற்கும்:

− கொய்யா
+ கொய்யா

ஒரு வரி நீக்கப்பட்டது, ஒரு வரி சேர்க்கப்பட்டது. எத்தனை பேர் கூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

எப்படி வருகிறது இந்த இரட்டை? பழைய கணக்கு ஒன்று உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய காலத்திலும் அதன் பின்னரும், தமிழுக்குப் பொதுவான குறியேற்றம் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. பின்னால் டிஸ்கி போன்ற பொது முறைகள் வந்தன. அவற்றில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகள். அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய சில மாற்றிகள் துண்டுகளை இடம் மாற்றியதோடு சரி, ஒன்றாக ஒட்டவில்லை. போதாக்குறைக்கு, ஆப்பிளின் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களைத் தானே பிரித்துச் சேமித்தது. ஆப்பிள் கணினியில் உருவான தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு வந்ததும் வேறு கோப்பாகி நின்றது. இதற்காகவே 2012-இல் கிட்டில் ஒரு தனி அமைப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது.

'கொ' விஷயத்தில் யூனிகோடே ஒரு வழி வைத்திருக்கிறது. இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்று அது அறிவித்திருப்பதால், எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சீராக்கம் என்ற கணக்கை ஓட்டினால் தீர்ந்தது. 'ஸ்ரீ' அப்படி அல்ல. மலேசியாவில் கோயில் பெயர்ப்பலகை தொடங்கி ஆட்பெயர் வரை எங்கும் இருக்கும் எழுத்து இது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் முதலில் ஸகரம் மட்டுமே இருந்தது, ஆகவே ஸகரத்தோடு ரீ சேர்த்து எழுதினார்கள். 2005-இல் வந்த 4.1 பதிப்பில் ஶகரம் சேர்ந்தது. அதன் பின் ஶகரத்தோடு எழுதுவதே முறை என்றானது. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாக வரைகின்றன. பைட்டில் 270 இருக்கும் இடத்தில் 266 இருக்கும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் யூனிகோட் சமம் என்று சொல்வதில்லை. சீராக்கம் இவற்றைத் தொடாது. கோயில் உறுப்பினர் பட்டியலில் ஒரே ஸ்ரீதேவி இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார். ஒருவருக்குச் சந்தா பாக்கி, இன்னொருவர் கட்டிவிட்டார்.

இந்த இடத்தில்தான் பைப்லைன் தேவைப்படுகிறது. ஒருவர் கமிட்டை அனுப்பியதும், வேறு எந்த வேலையும் நடந்திராத சுத்தமான ஒரு கணினியில் அந்தக் கமிட்டை மட்டும் இறக்கி, வரிசையாகச் சோதித்து, கட்டி, மறுபடி சோதித்து, தேறினால் மட்டும் வெளியே அனுப்பும் தானியங்கி ஏற்பாடு அது. சுத்தமான கணினி என்பது இதில் முக்கியம். "என் கணினியில ஓடுதே" என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. 'கொ' எந்த வடிவத்தில் இருக்கிறது, 'ஸ்ரீ'யில் எந்த எழுத்து இருக்கிறது என்று பைட்டை எண்ணிப் பார்த்து, ஒத்துவராததைத் திருப்பி அனுப்புவது அதற்கு ஒரு நொடி வேலை. இருபது வரிச் சோதனை போதும். மனிதக் கண்ணால் இருபது வருடம் பார்த்தாலும் அதைச் செய்ய முடியாது.

பைப்லைன் இல்லாமல் கையால் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த பெரிய பாடம் 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனத்தில் எட்டு சர்வர்களுக்குப் புதிய நிரல் போக வேண்டும். ஏழுக்குப் போனது. எட்டாவதுக்கு நகலெடுக்க ஆள் மறந்துபோனார். இரண்டாவது ஆள் சரிபார்க்கும் முறையும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில் பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று இருந்தது. புதிய நிரலுக்காக மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு கொடி, அதாவது நிரலுக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச், அந்தப் பழையதை எழுப்பிவிட்டது. சந்தை திறந்து 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. சந்தை திறக்கும் முன்பே பிழையைக் குறிக்கும் 97 மின்னஞ்சல்கள் உள்ளே போயிருந்தன என்று அமெரிக்கப் பங்கு ஒழுங்காணையம் பின்னர் எழுதியது. கலவரத்தில் அவர்கள் செய்த அடுத்த வேலை இன்னும் மோசம். புதிய நிரல்தான் தவறு என்று எண்ணி, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது எட்டிலும் பழைய பேய். எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கைரேகையை வைத்துச் சொல்லக்கூடிய ஏற்பாடு இருந்திருந்தால், ஒரு கட்டளையில் தெரிந்திருக்கும்.

இதன் தலைகீழ் வடிவம் 2024-இல் வந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நூலகம், லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவியது. அதன் பராமரிப்பில் மெல்ல நம்பிக்கை சம்பாதித்து நுழைந்த ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை வைத்தார். அதைத் தூண்டும் வரிகளை எல்லோரும் படிக்கும் கிட் களஞ்சியத்தில் அவர் வைக்கவில்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிவைத்த பொதியில் மட்டும் சேர்த்திருந்தார். களஞ்சியத்தில் இருந்த மிச்சமோ, சோதனைக் கோப்பு என்ற பெயரில் படிக்க முடியாத பைட்டுகளாகக் கிடந்தது. நிரலைக் கண்ணால் பார்த்தவர்கள் பார்த்தது ஒன்று, விநியோகத்தார் எடுத்துக் கட்டியது இன்னொன்று. மார்ச் 29 அன்று இதை வெளியே கொண்டுவந்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். அவரும் நிரலைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. தொலைகணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று அளந்து பார்த்தார், அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் வேலை செய்யும் திட்டங்களில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாகிவிட்டேன். ஒருவர் தன் மடிக்கணினியில் கட்டிய பொதி வெளியே போகக் கூடாது. கமிட்டிலிருந்து பைப்லைன் ஒருமுறை கட்டும், அதன் கைரேகையைக் குறித்துக்கொள்ளும். சோதனைக் கணினிக்கும் பயனருக்கும் போவது அதே பொதி. சோதனைக்கு ஒன்று கட்டி, வெளியீட்டுக்கு இன்னொன்று கட்டினால் சோதித்தது எது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போகும். துறைமுகத்தில் வைத்து யாரும் ரப்பர் கட்டியைப் பிரித்து மறுபடி அழுத்துவதில்லை.

சோதனைகளுக்கும் எல்லை உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பைப்லைன் பதில் சொல்லும். எஸ்.எம்.ஆர். விதிகளே 1965-க்குப் பின் பலமுறை திருத்தப்பட்டவைதான். வாங்குகிறவர் தேவை மாற மாற, அளப்பதும் வரம்பும் மாறின. தமிழ் மென்பொருளிலும் அப்படித்தான். 'கௌ' என்பதை ஔகாரக் குறியாக எழுதாமல் கொம்பும் ளகரமுமாக எழுதியிருந்தால், சல்லடை போட வேறு விதி வேண்டும். அந்த விதியை எழுத, தமிழில் அப்படி ஒரு மயக்கம் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் யாரோ எழுதிய பொதுச் சோதனைத் தொகுப்பில் அது தானாக வராது.

'ஸ்ரீ' விஷயத்தில் எதைத் தேர்வது என்பதும் அப்படியே. முறைப்படி ஶகரம். ஆனால் பல வருடத்துப் பட்டியல்களில் ஸகரம் நிறைந்து கிடக்கிறது, பல விசைப்பலகைகளும் அதையே தருகின்றன. பழையதையெல்லாம் மாற்றுவதா, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதா? பட்டியலில் மட்டும் ஒன்றாகக் கொண்டு, அச்சில் ஶகரம் போடலாம் என்பது என் கட்சி. வேறு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் முடிவானாலும், அந்த முடிவு ஒரே கமிட்டாக, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் போக வேண்டும். என்ன மாறியது என்று டிஃப்பே காட்டிவிடும், ஆகவே குறிப்பில் ஏன் என்பதை எழுத வேண்டும். அதையும் தமிழிலேயே எழுதலாம். கிட்டுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.